சின்னத்தாவின் பங்கு

அத்தா, அதாவது என் அப்பா, விட்டுப்போன சொத்து என்று சொன்னால் சிரிப்பீர்கள். செங்கல்பட்டில் ஏரிக்குப் போகும் வழியில் ஓடு வேய்ந்த இரண்டறை வீடு, தபால் ஆபீஸ் சேமிப்பில் கொஞ்சம் பணம். அவர் வெற்றிலை விற்ற கடைகூட வாடகைக் கடைதான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் தற்காலிக டீச்சர். பள்ளிக்கு லீவு விட்டால் சம்பளம் கிடையாது. அந்த வீடு போனால் நானும் அம்மாவும் தெருவில்தான்.

அம்மா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் சில மாதங்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் எதிரே நிற்காமல் இருக்கும் காலம் அது. அதனால் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து மனு எழுதித் தருபவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"கோர்ட்டுக்கெல்லாம் போவ வாணாம்மா. சின்ன சொத்து. வாரிசு சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிக்கினா வூடு, போஸ்டாபீசு ரெண்டும் முடிஞ்சிரும். பொண்டாட்டி ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. அவ்ளோதானே?"

நான் வாய் திறப்பதற்குள் அடித்து முடித்துவிட்டார். அவர் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் குடும்பங்களில் அது சரிதான். எங்கள் இஸ்லாமிய மார்க்கத்தில், ஆண்பிள்ளை இல்லாதவர் போனால், மனைவிக்கும் மகளுக்கும் போக மீதி அவருடைய தம்பிக்கு. அத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார், மாமல்லபுரத்தில்; எனக்குச் சின்னத்தா. ஏதோ ஒரு கல்யாணத்தில் பிரியாணி பற்றாமல் போனதில் தொடங்கி, இரண்டு பேரும் பல வருஷங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. மய்யித்தை அடக்கம் செய்ய வந்தார், மண் போட்டார், எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். அப்படிப்பட்டவர் பங்கைக் கேட்காமல் விடுவாரா? மனுவைப் பார்த்ததும், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனுவை வீட்டுக்குக் கொண்டுபோனதும், கட்டைவிரலில் மை தடவும் முன், வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அவரு பேரு எங்கே?"

"எவரு பேரு?" என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல்.

"ஒன் சின்னத்தா பேரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கவர்மெண்டே கேக்கல. நீ ஏம்மா வலிய இழுத்து வுட்டுக்கிறே? அவரு பங்கு கேட்டா வூட்ட வித்துதான் குடுக்கணும். அப்பால எங்க போய் நிப்போம்?"

"அது தெரியாமலா கீறேன்? எனக்கும் பயமாத்தான் கீது. ஆனா அந்தப் பங்கு நம்மளுது இல்ல. ஒங்க அத்தாவுக்கு மூச்சு நின்ன அப்பவே அது அவருக்குப் போயிருச்சு. அடுத்தவரு வூட்டுல ஒக்காந்துகினு நான் எப்படித் தொழுவறது?"

சுவரைப் பார்த்தேன். நாங்கள் அத்தாவின் கண்ணை மூடி, முகத்துக்குத் துணி போடுவதற்குள், எங்கள் அழுகைக்கு நடுவே, இந்த வீடு சத்தமில்லாமல் மூன்றாகப் பிரிந்து உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டிருக்கிறது. யார் கையெழுத்துக்கும் அது காத்திருக்கவில்லை. உடம்பு சிலிர்த்தது. அதைவிட, அதை நம்பி, இருக்கிற ஒரே கூரையைப் பணயம் வைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்க்கத்தான் பிரமிப்பாக இருந்தது. கோபமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மனுவை மறுபடி அடிக்கக் கொடுத்துவிட்டு, மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். சின்னத்தா கடற்கரைப் பக்கம் சங்கும் கிளிஞ்சலும் விற்றுக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. ஓலைக்கூரை ஒழுகி, தரையில் ஈரம் இன்னும் காயவில்லை. இவருக்குப் பங்கு வேண்டியிருக்காது என்று யார் சொல்ல முடியும்?

நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "எம் பேரு இல்லாமலே முடிஞ்சிருக்கும்ல? அப்புறம் இன்னாத்துக்கு வந்தே?"

"அம்மா அனுப்பினாங்க."

கையிலிருந்த சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை வரேன்," என்றார்.

வீடு விற்கும் புரோக்கரோடு வருவார் என்று நினைத்தேன். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தோடு வந்தார். இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அம்மா உள்ளறைக் கதவுக்குப் பின்னால்.

"எனக்கு எதுவும் வாணாம்," என்றார் சின்னத்தா.

ஹஜ்ரத் தலையை ஆட்டினார். "வாணாம்னு ஒத்த வார்த்தையில முடியாதுங்க. அது ஏற்கெனவே ஒங்களுது ஆயிருச்சு. வாங்கிக்கலாம். இல்லன்னா அவரு விட்டுப்போன பொருள்ல ஏதாவது ஒண்ண ஈடா வாங்கிகினு மீதிய விட்டுக் குடுக்கலாம். அதுதான் முறை."

"வாணாங்கறவன் வாயில திணிக்கறீங்களே!"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா பேசினாள். "தம்பி, ஒங்க வூடு ஒழுவுதுன்னு இவ சொன்னா. எங்களுக்காகப் பாக்காதீங்க. வித்துக் குடுத்துர்றேன்."

ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது எனக்கு.

சின்னத்தா அண்ணாந்து பரணைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அண்ணி, எங்களோட சஹன் இன்னும் கீதா?"

நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அகலமான தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தும்வரை அதில்தான் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன்.

"இது அவரோட பொருள்தானே?" என்றார் ஹஜ்ரத். "ஆமாங்க," என்றாள் அம்மா.

"இது போதும் எனக்கு," என்றார் சின்னத்தா.

ஹஜ்ரத் துஆ ஓதிவிட்டுப் புறப்பட்டார். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமெல்லாம் பிறகு ரிஜிஸ்டர் ஆபீசில் முறைப்படி எழுதினோம். கோர்ட்டுப் படியை மிதிக்கவே இல்லை. ஆனால் என் கணக்கில் வீடு எங்களுக்கு வந்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.

"வெறுஞ் சஹனைத் தூக்கிக் குடுக்க மாட்டேன்," என்று அம்மா சோற்றைக் கொட்டி, மீன் ஆணத்தை ஊற்றி, என்னிடம் கொடுத்தனுப்பினாள். சின்னத்தா ஒரு ஓரமாக உட்கார்ந்து பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். தன் பக்கத்துச் சோற்றைத் தின்றுகொண்டே தட்டின் நடுவுக்கு வந்தவர், அங்கே நிறுத்திவிட்டார். எதிர்ப்பக்கத்தில் ஒரு பருக்கை கலையவில்லை.

"இன்னும் சாப்புடுங்க, சின்னத்தா."

"அது அண்ணன் பக்கம்." கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப ஒன் பக்கம். ஒக்காரு."

எங்கள் வீடுகளில் ஆண்களுடைய சஹனில் பெண்கள் உட்காருவதில்லை. கதவுப் பக்கம் திரும்பினேன். உள்ளேயிருந்து அம்மா அழுகையோடு சொன்னாள்: "சொல்றாரு இல்ல? கையக் கழுவிகினு ஒக்காரு."

அத்தாவின் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு பிடி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் சின்னத்தா அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.