இரத்தினேஸ்வரி எழுதிய மின்னஞ்சல்கள்

திருகோணமலையில் இரத்தினேஸ்வரி 2005இல் ஓர் இணையத்தளம் தொடங்கினாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதில் கேக்கோ சேலையோ தெரிவுசெய்தால், அவள் ஊரிலுள்ள உறவினரிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

கனடாவில் தமிழ் வானொலி ஒன்றில் விளம்பரம் போட்டுப் பார்த்தாள். இரண்டு பேர்தான் வந்தார்கள். அதை விட்டுவிட்டு, பொருள் கொடுத்த வீட்டில் சற்று இருந்து கதைத்து, கண்டதை அனுப்பியவருக்கு எழுதத் தொடங்கினாள். "அம்மா மெலிஞ்சிட்டா, எண்டாலும் நல்லாச் சிரிச்சவ" என்பதுபோன்ற வரிகளுக்காகவே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

மறுவருடம் போர் மூண்டு, அருகிலுள்ள சம்பூரில் ஷெல் விழுந்து சனம் இடம்பெயர்ந்தது. அதன்பின் யாரும் கேக் கேட்கவில்லை. அம்மா எங்கே என்றுதான் கேட்டார்கள்.

"சேவை நிப்பாட்டியாச்செண்டு தளத்தில ஒரு அறிவித்தல் போடுமன்," என்றார் கணவர் சிவபாதம்.

"ஏலாது. அவையள் என்னை நம்பியெல்லோ கேக்கினம்."

முகாம் முகாமாகத் தேடிப் பலரைக் கண்டுபிடித்தாள். டொரன்டோவிலிருந்து கேட்டிருந்த இராசதுரையின் தாய் மட்டும் எங்கும் இல்லை. நடக்க முடியாமல் வழியில் இருந்துவிட்டார் என்றும், ஷெல்லுக்குப் பயந்து எல்லோரும் அவரை விட்டுவிட்டு வந்ததாகவும், அங்கேயே இறந்துபோனதாகப் பிறகு தெரியவந்ததென்றும் அவருடைய அயலவர்கள் சொல்லி அழுதார்கள்.

இறந்த செய்தியை மட்டும் எழுதினாள். உடனே பதில் வந்தது: "அக்கா, கடைசியா அம்மாவோட ஆர் இருந்தது?"

"அயலட்டைச் சனமெல்லாம் இருந்தவை," என்று எழுதினாள். வாடிக்கையாளர் ஒருவருக்கு அவள் எழுதிய முதல் பொய் அது. அதற்குப் பிறகு அந்தத் தளத்தை அவள் திறக்கவேயில்லை.