அக்காவின் இடது கை

எங்க அக்கா முத்துமாரியம்மாளுக்கு ஒடம்பு முடியலன்னு யாரும் சொல்லிறக் கூடாது. சொன்னா வந்துச்சு வம்பு. கிட்னி ரெண்டும் போயி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆலங்குடியில பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸ் பண்ணப் போறவ, கேட்டா "சாமான் வாங்கப் போறேன்"ம்பா. ஊசி போடுறதுக்குன்னு எடது கையில ரத்தக்குழாயை இணைச்சு ஆபரேஷன் பண்ணியிருக்கு. கத்திரி வெயில்லயும் அத மறைக்க முழுக்கை ஜாக்கெட்தான். அந்தக் கைய இறுக்கிப் பிடிக்கவே கூடாது. தொட்டா உள்ளுக்குள்ள கிர்ருனு துடிக்கணும். துடிப்பு நின்னா கை வீணாப் போச்சு. தெனம் காலையில ரெண்டு வெரல வச்சுப் பாக்குறது அவ வீட்டுக்காரர், எங்க ஆண்டியப்பன் மச்சான்.

ஆலங்குடி ஆஸ்பத்திரிக்கே டயாலிசிஸ் மெஷின் வாங்கணும்னு ஒரு டிவிக்காரங்க திருவரங்குளம் பக்கத்துப் பொட்டல்ல நன்கொடை நிகழ்ச்சி போட்டாங்க. பாட்டு, டான்ஸ், நடிகருங்களுக்குச் சவால், எல்லாம் நேரலை. மேடையேறி ரெண்டு சொட்டு அழுதா ஜனங்க மனசு எளகும்னு அக்காளக் கேட்டாங்க.

"அழுகுறதுக்கு வேற ஆளப் பாருங்க. மாடு வேணா தாரேன்"னுட்டா.

அவ கன்னுலேர்ந்து வளத்த ஜல்லிக்கட்டு மாடு காரி. ஒரு சினிமா நடிகர் அதைக் கயித்தோட நடத்திக்கிட்டுப் போயி மைதானத்துக் கோட்டத் தாண்டணும். தாண்டிட்டா ஒரு கம்பெனிக்காரர் மெஷின் தருவாரு. இல்லைன்னா இல்ல. என்ன எழவு சவாலோ! சீக்காளிக்கு மெஷின் குடுக்க மாடு நடக்கணுமா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா டயாலிசிஸ் முடிஞ்சு பஸ்ஸை விட்டு எறங்குன அக்கா, நிக்கமுடியாம வேலியப் பிடிச்சுக்கிட்டு நின்னதப் பாத்தவ நான். வாயப் பொத்திக்கிட்டுக் கூட்டத்துல அவ பக்கத்துல ஒக்காந்தேன்.

மச்சான் மாட்டக் கொண்டுபோயி நடிகர் கையில கயித்தக் குடுக்கணும். அம்புட்டுத்தான் வேலை. நிகழ்ச்சி நடத்துன பொண்ணு சும்மா இருந்தாளா? வாடிவாசல்ல கத்துற மாதிரியே மைக்குல, "ஆலங்குடி ஆண்டியப்பன் மாடு வருது! பிடிச்சுப் பாரு! பிடிச்சுப் பாரு!"ன்னு அலறுனா. ஆயிசு பூரா வாடிவாசல்ல நின்னு கயித்த அறுத்து மாட்ட விட்ட மனுசன். அந்தச் சத்தம் கேட்டா கை தானா இடுப்புக் கத்திக்குப் போயிரும். மூக்கணாங்கயித்தச் சரக்குனு அறுத்து விட்டுட்டாரு.

அட பாவி மனுசா!

காரி சீறிக்கிட்டுப் பாஞ்சுச்சு. நடிகர் தடுப்புக் கம்பியில ஏறிட்டாரு. கேமராக்காரங்க மூலைக்கொருத்தரா ஓடுறாங்க. மச்சான் அறுந்த கயித்தோட பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாரு. திரும்பிப் பாத்தா பக்கத்துல அக்காளக் காணோம். தடுப்புக்கு அடியில குனிஞ்சு உள்ள போயிட்டா.

"அக்கா, வேணாம்க்கா!" கொம்பு லேசாப் பட்டாலும் அவளுக்கு ரத்தம் லேசுல நிக்காது.

"காரி, வா சாமி. இங்கிட்டு வா."

மாடு மண்ணக் கிளறுச்சு. தலையத் தாழ்த்துச்சு. மெதுவா நடந்து வந்து அவ முந்தானைய மோந்து பாத்துச்சு. அக்கா வலது கைய அது கொம்படியில வச்சா.

"எறங்கி வாங்க தம்பி. நீங்க என்னப் பிடிச்சுக்கிட்டு வாங்க, அது எங்கூட வரும்."

கம்பிய விட்டு நடிகர் எறங்கி வந்தாரு, அதையும் சொல்லணும். வந்தவரு பயத்துல அவ எடது கைய இறுக்கிப் பிடிச்சுட்டாரு. அக்கா பல்லக் கடிச்சுக்கிட்டு நடக்குறா. செத்தாலும் வாயத் தொறக்கமாட்டா.

மச்சான் ஓடியாந்தாரு. "அந்தக் கைய விடுங்க! அது டயாலிசிஸ் கை! எம்பொண்டாட்டி உசுரே அதுலதான் இருக்கு!" டிவிக்காரங்க அவரு சட்டையில மாட்டியிருந்த மைக்கு அத ஊரு ஒலகத்துக்கே சொல்லிருச்சு.

நடிகர் வெலவெலத்துக் கைய எடுத்தாரு. அவ சேலைத் தலைப்பு நுனிய மட்டும் பிடிச்சுக்கிட்டாரு. மூணு உசுரும் கோட்டத் தாண்டுச்சு. கயிறு இல்லாம நடந்தது செல்லுமான்னு அந்தப் பொண்ணு இழுத்தா. கம்பெனிக்காரர் எந்திரிச்சு, "செல்லும்"னாரு. கைதட்டல்ல பொட்டலே அதிருது.

அக்கா நேரா மச்சான்கிட்ட வந்தா. "மாட்ட அவுத்துவிட்டது பத்தாதுன்னு வாயையும் அவுத்துவிட்டாச்சாக்கும்?"

மச்சான் அவ கையையே பாத்தாரு. அக்காவும் குனிஞ்சு பாத்தா. அப்புறம், அத்தன கேமராவுக்கும் முன்னாடி, ஜாக்கெட் கைய முழங்கைக்கு மேல சுருட்டிவிட்டு நீட்டுனா.

"பாருங்க."

மச்சான் ரெண்டு வெரல வச்சாரு. கண்ண மூடிக்கிட்டாரு.

"இருக்குடி"ன்னு சொல்லி அழுதாரு.