படையலில் இருந்த மோடம்

காலை ஏழு இருபதுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, பக்கம் பாதி வந்து நின்றிருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. திரையின் மேல் சந்தனப் பொட்டு, அதில் குங்குமம். முந்தைய நாள் ஆயுத பூஜை.

ஒன்பது மணிக்கு மனைவிக்கு வீடியோவில் நேர்காணல். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இரண்டு வருடத் தேடலில் வந்த முதல் அழைப்பு. சிங்கப்பூர் நிறுவனம், அவர்களுக்கு விஜயதசமி கிடையாது. நாங்கள் இருந்தது மல்லசமுத்திரத்துக்கு வெளியே, தோட்டத்துக்குள் இருக்கும் மாமனார் வீட்டில். செல்போன் சிக்னல் கிணற்றடிக்குப் போனால்தான் கிடைக்கும்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். தானாக இறங்கிக்கொண்டிருந்த அப்டேட்டை நிறுத்தினேன். பின்புறம் செருகியிருந்த வைஃபை குச்சியைப் பிடுங்கி முன்புறம் செருகினேன். வட்டம் சுற்றுவது நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் மோடம் இருக்கும் அலமாரியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அதன் வயர் சுவரோரமாகப் பூஜை அறைக்குள் போயிருந்தது.

இரும்புக் கதவுக்குப் பின்னால், பித்தளைக் குடத்துக்கும் ஜாக்கிக்கும் நடுவில், பொட்டு வைத்த மோடம் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க மாமா, இத எடுத்துக்கட்டுங்களா?"

"சாமிக்கு வெச்சத மறுபூச பண்ணாம எடுக்கக் கூடாதுங்க மாப்ள. படையலுக்குப் பொங்கல் வெச்சு முடியறதுக்குள்ள எமகண்டம் வந்துரும். அது கழிஞ்சு, பத்தரைக்கு மேலதான்."

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "எப்பவும் லாரிச் சாவியத்தானுங்கப்பா வெப்பீங்க?"

"லாரியத்தான் வித்தாச்சே சாமி. இனி உனக்குச் சோறு போடப்போறது இந்தப் பொட்டிதானே."

"சோறு அப்பறம் போடட்டும். மொதல்ல என்ற மூஞ்சிய அங்க காட்டட்டுமுங்க."

அவர் சிரிக்கவில்லை. கதவை முழுதாகத் திறந்து வைத்தார். வேகம் கொஞ்சம் கூடியது. முகம் தெரியும் அளவுக்கு இல்லை. நீளமான கேபிள் வாங்கலாமென்றால் கடைகள் மூடியிருந்தன. எனக்கு அலுத்துவிட்டது.

"மோடத்த நவுத்தக் கூடாது, செரி. கம்ப்யூட்டர?"

மாமனார் யோசித்தார். "அதுக்குப் பொட்டு மட்டுந்தானுங்க வெச்சேன். படையல்ல வெக்கல. நவுத்திக்கலாம்."

மானிட்டரை அவரும், கேபினட்டை நானும் தூக்கிக்கொண்டு போய்ப் பூஜை அறை வாசலில் ஸ்டூல் மேல் வைத்தோம். மனைவி ஈரத்துணியால் திரையை மட்டும் துடைத்தாள். மேலிருந்த பொட்டை விட்டுவிட்டாள். ஒன்பது மணிக்கு ஊதுபத்தி வாசனைக்கு நடுவே பேசத் தொடங்கினாள். மாமனார் வெளியே நின்று, கத்திய கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இணைய வசதி எப்படி என்று கடைசியில் கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றாள். இணைப்பு ஒரு முறைகூட அறுபடவில்லை.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.