குங்குமம் பட்ட தகடுகள்

பஞ்சலிங்கம் கண்ணாடி கழுவும்போது வேறு உலகத்தில் இருப்பார். யாழ்ப்பாணம் திருநெல்வேலி வளாகத்து இரசாயன ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் உதவியாளர். காலையில் அளவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, குடுவை, குழாய், தட்டு என்று கழுவி யன்னலோரம் அடுக்கிவிட்டு, அவற்றில் வெளிச்சம் ஊர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் காது கேட்காது. "அண்ணை கனவுக்குப் போட்டார்" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அங்கே படித்த எனக்கென்னவோ, அந்தக் கட்டடத்தில் பொருள்களைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்று படும். மற்றவர்கள் எண்களைத்தான் பார்த்தார்கள்.

வருடத்தில் ஒருநாள் ஆய்வுகூடம் முழுக்க அவர் ராச்சியம். சரஸ்வதி பூசையான வாணிவிழா அன்று உலை, தராசு, குளிர்சாதனப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமப் பொட்டும் வைப்பார். போன வருடம், தட்டத்தில் கிடந்த நாலு கண்ணாடித் தகடுகளுக்கும் வைத்துவிட்டார். அவை மட்டும் என்ன பாவம் செய்தன?

அவை ஆராய்ச்சி மாணவி உதயகலாவுடையவை. கண்ணுக்குத் தெரியாத நானோத் துகள்களை மெல்லிய வெள்ளைப் படலமாகப் பூசி, உலையில் சுட்டிருந்தாள். வெயில் பட்டால் அந்தப் படலம் தண்ணீரில் கலந்த சாயத்தைச் சிதைக்க வேண்டும். கடைசிப் பரிசோதனைதான் மிச்சம். புதிதாகச் செய்ய ஒரு மாதம் ஆகும். அதற்குள் மாரி தொடங்கிவிடும். பிறகு நல்ல வெயிலுக்குத் தை வரை காத்திருக்க வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளோ மார்கழியில்.

மறுநாள் காலை அவள் பொட்டுகளைக் கண்டாள்.

"அண்ணை, இதென்ன சாமிப்படமே? என்ரை ரண்டு வருசம் போச்சு!"

"கழுவித் தாறன், பிள்ளை…"

"தொடாதேங்கோ! தேய்ச்சால் பூச்சும் போயிடும்."

அழுதாள். அழுது முடிந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. குங்குமமும் சாயம்தானே! தகடுகளை மெல்ல நனைத்தாள். சந்தனம் கரைந்து ஓடியது, சிவப்புக் கறை நின்றது. தண்ணீர்த் தட்டத்தில் இட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, பூச்சில்லாத ஒரு வெறுங்கண்ணாடியிலும் குங்குமம் தடவிப் பக்கத்தில் வைத்தாள்.

பஞ்சலிங்கம் சாப்பிடப் போகவில்லை. காகம் கலைக்கவென்று தட்டத்தருகில் குந்தியிருந்தார். பலாலி வீதி பஸ்களின் சத்தம் எங்கோ தூரத்தில் போலக் கேட்டது. தண்ணீருக்குள் வெயில் ஆடியது. தான் நித்திரையா விழிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. சிவப்பு வெளிறி றோஸ் நிறமானது, றோஸ் மஞ்சளானது, மஞ்சள் எங்கே போனதென்று தெரியவில்லை. யாரும் தொடவில்லை.

நாலு மணிக்கு உதயகலா ஏறி வந்தாள். தகடுகள் வெள்ளையாய்க் கிடந்தன. வெறுங்கண்ணாடியில் மட்டும் கறை சற்று மங்கி மிச்சமிருந்தது. அவள் கத்திச் சிரித்தாள்.

"தப்பீட்டம் அண்ணை! பூச்சு வேலை செய்யுது!"

"இது எப்பவும் இப்பிடித்தான் செய்யுமோ?"

"ஓம் அண்ணை. அதுக்குத்தானே செய்தது."

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எத்தினை பேற்றை தகடு கழுவியிருப்பன். இது என்ன செய்யுமெண்டு ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை, பிள்ளை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உதயகலாவுக்கு முகம் எரிந்தது. காலையில் அவரை ஏசியதைவிட, இரண்டு வருடமாக "கழுவுங்கோ", "எடுங்கோ" என்பதைத் தவிர அவரோடு ஒன்றும் கதைக்காததுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. சீமெந்துத் தரையில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, முதலாவது தகட்டிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.