டேப்பட் கவருக்கு அடியில் வெண்ணெய்

வண்டியைத் திறப்பது சுலபம். திறந்த பிறகு வண்டிக்காரர் முகத்தைப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டம்.

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எஞ்சினுக்கு உச்சியில் ஒரு மூடி உண்டு. படித்தவர்கள் வால்வு கவர் என்பார்கள், எங்கள் வாயில் அது டேப்பட் கவர். அதைக் கழற்றினால் உள்ளே படிந்திருக்கும் கசடே எஞ்சினின் சங்கதியைச் சொல்லிவிடும். கறுப்பென்றால் ஆயில் மாற்றவில்லை, மினுமினுத்தால் உள்ளே இரும்பு தேய்கிறது, வெள்ளையென்றால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இதை ஒப்பித்தே ஊரில் பெயர் வாங்கியவன் நான். மெக்கானிக் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கறுப்பு அல்வா

கலசப்பாக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கார் கொண்டுவந்தார். வண்டி இழுக்கவில்லையாம். கவரைத் தூக்கினேன். உள்ளே ஸ்பானரை நட்டு வைத்தால் நிற்கும் அளவுக்குக் கறுப்பாக உறைந்து கிடந்தது. ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் புது ஆயில் ஊற்றுகிறாராம். ஊற்றுவது சரி, பழையதைக் கீழே எப்படி வடிக்கிறீர்கள் என்றேன். அவர் என்னை ஒரு மக்கு மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பழச இன்னாத்துக்குங்க கீழ வுடணும்? அதுவும் எண்ணெதானே."

மலையிலிருந்து வந்த வெள்ளை

சாந்திக்கு ஜமுனாமரத்தூருக்கும் மேலே ஒரு சிற்றூர். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து, தானே ஓட்டுகிறாள். சாமை மூட்டை, பலாப்பழம், புளி என்று அந்த ஊரில் விளைவதெல்லாம் அவள் வண்டியில்தான் கீழே இறங்குகிறது. அதற்கு முன் நான்கு வருஷம், மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கர்நாடகத்துக் காபித் தோட்டத்தில் வேலை செய்தவள். வண்டி வாங்கிய பிறகுதான் தாயும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே தூங்குகிறார்கள்.

ஆயில் ஊற்றும் மூடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டுகிறது என்று வந்தாள். கவரைக் கழற்றினேன். பகீரென்றது. மூடியின் உட்புறம் முழுக்க, கடைந்து எடுத்த வெண்ணெயை அப்பியது மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகக் கசடு. எனக்கென்ன சந்தேகம்? தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது, ஓட்டினால் எஞ்சின் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும், பிரித்து மேய்ந்து சரிசெய்தாலும் பழையபடி ஓடும் என்று சொல்ல முடியாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப நான் காபித் தோட்டத்து மேஸ்திரிக்குப் போன் போட்டு, திரும்ப வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்றேண்ணா."

பாயின் கேள்வி

தாஜுதீன் பாய் என் கூட்டாளி. எஞ்சின் ஹெட்டைக் கழற்றும் வேலையெல்லாம் அவருடையது. சாந்தி பஸ் ஏறிப் போனதும், ஹெட்டைத் தூக்கிவிடலாம் பாய் என்றேன். அவர் ஸ்பானரைத் தொடவேயில்லை. ரேடியேட்டரைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டார். கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி கிளம்பும்; ஒன்றுகூட வரவில்லை. அடியில் ஆயிலை வடித்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை, நல்ல நிறத்தில் இறங்கியது. புது ஆயிலை ஊற்றிவிட்டு, ரேடியேட்டரின் கழுத்துவரை நின்ற தண்ணீரை விரலால் தொட்டுக் காட்டினார்.

"தண்ணி கலந்துச்சின்னு சொல்றியே, கொறைஞ்ச தண்ணி எங்கபா?"

மூன்றாவது வளைவு

இரண்டு நாள் பொறுத்து சாந்தியை வரவழைத்து, அவளையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலை ஏற ஏற நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஏற்றத்திலும் சூடு காட்டும் முள் முதல் கோட்டைத் தாண்டவில்லை. உச்சிக்குப் போனபோதும் எஞ்சின் சுடவே இல்லை.

ஜமுனாமரத்தூரில் எட்டு மூட்டை சாமை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். இறக்கம் ஆரம்பித்ததும் அவள் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினையே நிறுத்திவிட்டாள். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. எஞ்சின் ஓடாவிட்டால் இரண்டு மிதிக்குமேல் பிரேக் கல்லாகிவிடும். மூன்றாவது வளைவில் அவள் இருக்கையைவிட்டு எழும்பி நின்று மிதித்தாள். எனக்கு உயிரே இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணு தாயே என்று கத்திவிட்டேன். அவள் பண்ணிவிட்டு, பதறாமல் சொன்னாள்.

"மேல இருக்கற வண்டி அத்தினியும் இப்டித்தாண்ணா எறங்குது, டீசல் மிச்சம்."

சிவப்புப் பசை

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தேன். எஞ்சின் தக்க சூடு ஏறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சின்ன வால்வு அது. கூடு காலி. சூடே ஏறாத எஞ்சினில், மலைப் பனியின் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு குழைந்து மூடியில் வெண்ணெயாக ஒட்டியிருக்கிறது. இறக்கத்தில் எஞ்சினை அணைத்தது அதற்கு இன்னும் தோதாகிவிட்டது. கேஸ்கெட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

எந்தப் படுபாவி இதைப் பிடுங்கினான் என்று கேட்க வாயெடுத்தேன். கூட்டின் ஓரத்தில், தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசும் பசை சிவப்பாகப் பிதுங்கியிருந்தது. எங்கள் சாலையில் எல்லோரும் கறுப்புப் பசைதான் போடுவார்கள். சிவப்பு வாங்குகிறவன் நான் ஒருவன்தான். போன கோடையில் வண்டி சூடாகிறது என்று வந்தவளிடம், மலை வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். மலை வண்டி எது வந்தாலும் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் முதலில் செய்கிற காரியம் அது. மறைக்காமல் அவளிடம் சொன்னேன், எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையதுதான் என்று. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அந்தக் காலிக் கூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு ஒம்போது வயசுண்ணா, நேத்து உக்கார வெச்சு, இனிமே தலைய நீயேதான் பின்னிக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டேன்."

இப்போதெல்லாம் எந்த மலை வண்டி வந்தாலும் கவரைத் திறக்கும் முன் இதில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்டுவிடுகிறேன், பாதி நேரம் அது நானாகத்தான் இருக்கிறேன்.