அக்கா கொடுத்த நற்சான்று

ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலை செய்கிறவளுக்குக் கை சும்மா இருக்காது. மேல் கோர்ட்டுத் தாழ்வாரத்திலும் அக்கா தோள் துண்டை மடிப்பதும் உதறுவதுமாக இருந்தாள். அதே பெஞ்சில் தம்பி பெண்டாட்டி. நடுவே ஓர் ஆள் இடம் காலி.

கிடங்குச் சரக்கை நாலு பேர் கூடித் திட்டம் போட்டுக் கடத்திய வழக்கு. லாரி ஓட்டிய தம்பிக்கு ஏழு வருஷம். விசாரணையில் அவனுக்காகக் கூண்டேறிய அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லி இறங்கியிருக்கலாம். பாசம் விடவில்லை. "எங்க தம்பி அடுத்தவன் பொருளைத் தொட்டதே கிடையாதுங்க" என்று சேர்த்துச் சொன்னாள். சும்மா கிடந்த சங்கை ஊதின கதைதான். நல்லவன் என்ற பேச்சை நீங்களே எடுத்ததால் நாங்களும் பேசலாம் என்று அரசு வக்கீல் எழுந்தார். பத்தொன்பது வயதில் அவன் கடைப் பூட்டை உடைத்துத் தண்டனை வாங்கியது வெளியே வந்தது. அறியா வயசில் செய்ததெல்லாம் சேர்த்தி இல்லை என்று அக்கா நினைத்திருந்தாள்.

சாட்சி சொல்லப் போனீர்களா, பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை பெருமை அடிக்கப் போனீர்களா என்று அன்றிலிருந்து தம்பி பெண்டாட்டி குத்தாத நாள் இல்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய கதையைக் காட்டித்தான் தீர்ப்பைச் சாய்த்தார்கள் என்பது அப்பீல். அது எடுபட்டால் தம்பி வீட்டுக்கு வருவான்.

எடுபடவில்லை. வக்கீல் வெளியே வந்து விளக்கினார். பழைய குற்றத்துக்காகத் தண்டனையைக் கூட்டியது அதிகம் என்று ஏழு வருஷத்தை ஐந்தாக்கிவிட்டார்கள். குற்றம் மட்டும் உறுதி. கூட்டாளிகளோடு அவன் பேசிய போன் பேச்சு ஒன்றே போதுமாம்.

"உங்க பேச்சால ஒண்ணும் கெடலம்மா. நீங்க வாயே திறக்காம இருந்திருந்தாலும் மாட்டியிருப்பார்."

அக்காவின் கை நின்றது. லாரிக்காரன் போன் பேசாமல் வேறு யார் பேசுவார்கள் என்று இத்தனை நாள் ஊரெல்லாம் வாதாடியவள் அவள். தன் வாய்தான் கெடுத்தது என்று இருந்தவரை, தம்பி நல்லவனாகவே இருந்தான்.

தம்பி பெண்டாட்டி காலி இடத்துக்கு நகர்ந்து வந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. நம்ம வீட்டுல உக்காந்துதான் நாலு பேரும் திட்டம் போட்டாங்க."

"அப்புறம் ஏன்டி என்னைப் போட்டு வதைச்ச?"

"உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தா, அவரைத் திட்ட வேண்டி வரலை."

அக்கா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அடுத்த தடவை ஜெயில்ல அவனைப் பார்க்க நான் தனியாப் போறேன். திட்ட வேண்டியதை நான் திட்டிக்கிறேன், நீ வராத."