ஆசானும் ஸ்டென்டும்

இதயக் குழாய் அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழலை வைத்து அனுப்பும்போது, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார் டாக்டர். இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்டென்டை அடைத்துவிடாமல் காப்பது அது. ஒரு வருஷம் தவறாமல் சாப்பிட வேண்டும், நடுவில் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளையும் விடாமல் படித்தேன். ஈறு கசியலாம், சவரக் கீறல் எளிதில் நிற்காது, லேசாக இடித்தாலே தோல் நீலம் பாரிக்கும். வீட்டில் எல்லாருக்கும் வகுப்பும் எடுத்தேன்.

மூன்றாம் மாதம் முதுகு பிடித்தது. மைத்துனன் புதுக்கடைப் பக்கம் வர்ம வைத்தியம் பார்க்கும் ஓர் ஆசானிடம், எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடும் உழிச்சலுக்கு அழைத்துப் போனான். எங்கள் பக்கத்தில் ஒரு நாகரிகம் உண்டு. ஆசானிடம் இங்கிலீஷ் மருந்தைச் சொல்வதில்லை, கோபிப்பார். டாக்டரிடம் ஆசானைச் சொல்வதில்லை, ஏசுவார். தாளைக் கரைத்துக் குடித்த நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் முதுகும் தொடையும் கத்தரிக்காய் நிறம்.

"உழியப் போனியளா, அடி வாங்கப் போனியளா?" என்றாள் மனைவி.

"ஆசான் கை அப்பிடித்தான் அக்கா. ரெத்தம் ஓடும்," என்றான் மைத்துனன்.

"ஓடுனது போதும். நீ வாய மூடுலே."

குற்றவாளி மாத்திரைதான் என்று முடிவு செய்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். நான் தட்டணுக்களைப் பற்றி ஆரம்பித்தேன்.

"நீங்க படிச்சது மதி, போதும். இன்னைக்கு மாத்திரை கெடையாது."

டாக்டரை ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டேன். "கால் வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்," என்றேன்.

"பொய்யி டாக்டர்," என்றாள் அவள். "உழிச்சலுக்குப் போனாவ."

டாக்டர் விசாரணையைத் தொடங்கினார். தலையில் அடிபட்டதா, வாந்தியில் இரத்தம் உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம்.

"காலையில நேர்ல வந்து காட்டுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க. ஆசானை நிறுத்துங்க."

மனைவி உள்ளே போய் அரிசிப் பானைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து வந்தாள். ஒரு மாத்திரையைத் தானே பிரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் வரும்வரை காத்திராமல் விழுங்கினேன்.

"வாயத் திறங்க, பாப்போம்," என்றாள். திறந்து காட்டினேன்.